தேர்தல் நாளும் ஒரு குடும்பமும்

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் நெடுஞ்சாலையில் தெற்கு நோக்கிச் சென்றால், முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம் ஆகிய ஊர்களைக் கடந்தபின் நோணாங்குப்பம் வரும். சங்கராபரணி என்றும் செஞ்சியாறு என்றும் வழங்கும் ஆறு, கடலை நெருங்கும்போது இரண்டாகப் பிரிகின்றது. வடக்கே ஓடுவது அரியாங்குப்பத்து ஆறு. தெற்கே ஓடுவது சுண்ணாம்பாறு. அச்சுண்ணாம்பாற்றின் கரையில் அமைந்த ஊரே நோணாங்குப்பம். இங்குள்ள படகுத்துறையிலிருந்து கழிமுகத்து மணல்வெளிக்குச் சென்று வருவதற்காக விடுமுறை நாள்களில் வெளியூர் மக்கள் திரளாக வருவர். ஊராரில் பலர்க்கோ விடியற்காலையில் வீட்டை விட்டுப் புறப்படும் வாழ்க்கை. சிலர் வடக்கே புதுச்சேரி நகரத்துக் கடைகளுக்கும் தொழிற்கூடங்களுக்கும் செல்வர்; சிலர் தெற்கே கடலூர்ப் பக்கம் செல்வர்; கட்டட வேலைக்குச் செல்வோர் வேலை கிடைத்த இடத்திற்கெல்லாம் செல்வர்.

இத்தகைய ஊருக்கும் தேர்தல் நாள் வருகின்றது. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை, அத்தகைய நாள்களுள் ஒன்று. நாடாளுமன்ற மக்களவைக்குப் புதுச்சேரி யூனியன் பிரதேசம் முழுவதும் சேர்ந்து ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த நாள் அது. வாக்குப்பதிவு காலை 7 மணிக்குத் தொடங்கி மாலை 6 மணிக்கு முடிவதாக அறிவிக்கப்பட்டிருந்தது. ஒருவர் இயந்திரத்தின் முன் நிற்பது ஒரு நிமிடத்திற்கும் குறைந்த நேரமே. அந்த ஒரு நிமிடத்திற்குப் பதினொரு மணி நேரம் போதாதா என்று கேட்கத் தோன்றும். போதும் என்றால், வாக்களிக்க விரும்பியும் வாக்களிக்காமற்போனவர் தெருவுக்கு ஒருவரேனும் இருப்பது ஏன்? விருப்பமில்லாமல் வீட்டில் இருந்துவிட்டவரைப் பற்றி நாம் இங்குப் பேசவில்லை. விருப்பம் இருந்தும், அடுப்பும் தொட்டிலும் கூலியும் பேருந்தும் குறுக்கே நின்றமையால் செல்ல இயலாமற்போனவரைப் பற்றியே பேசுகின்றோம்.

இதனை விளங்கிக்கொள்ள, நோணாங்குப்பத்தில் ஒரு குடும்பம் இருப்பதாக எண்ணிக்கொள்வோம். வீட்டில் பாட்டி ஒருவர், வயது எண்பத்தாறு, நடக்க இயலாதவர். தந்தை கொத்து வேலை செய்பவர். ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் நாட்கூலி பெறுபவர். தாய், விடியுமுன் நகரத்துப் பெரிய மார்க்கெட்டுக்குச் சென்று காய்கறி எடுத்துவந்து விற்பவர். மூத்த மகன் சென்னையில் வேலை செய்கின்றான். அவன் மனைவி, எட்டு மாதக் குழந்தையுடன் மாமனார் வீட்டில் இருக்கின்றாள். மகள் அரசுப் பள்ளி ஆசிரியை. கடைசிப் பையன் உங்களைப் போலப் பத்தாம் வகுப்பில் படிப்பவன். அவனுக்கு இன்னும் வாக்கு இல்லை. ஆக, அவ்வீட்டில் வாக்காளர் அறுவர். அறுவர்க்கும் இடர் வெவ்வேறு.

முதலில் தந்தையின் நிலையைப் பார்ப்போம். ஒரு நாள் வேலைக்குச் செல்லாவிடில் ஒரு நாட்கூலி போய்விடும். வாக்களிப்பதற்காக ஒருவன் தன் குடும்பத்தின் ஒருநாள் உணவுச் செலவை இழக்கவேண்டும் என்றால், அவனுக்கு வாக்குரிமை இருக்கின்றது என்று சொல்வது எவ்வளவு பொருந்தும்? இக்கேள்விக்கு விடையாக 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1996ஆம் ஆண்டு ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. அது 135பி என்னும் பிரிவு. வணிகம், தொழில், ஆலை முதலிய எந்த நிறுவனத்தில் வேலை செய்பவராயினும், வாக்குரிமை உடையவர்க்கு வாக்குப்பதிவு நாளன்று விடுமுறை அளிக்கவேண்டும் என்று அப்பிரிவு கூறுகின்றது. விடுமுறை மட்டும் அன்று. அந்நாளின் ஊதியத்தையும் பிடித்தம் செய்யக்கூடாது. நாட்கூலி பெறுவோர்க்கும் இது பொருந்தும். அன்று வேலை செய்திருந்தால் என்ன கூலி பெற்றிருப்பாரோ அதே கூலியை அவருக்குத் தரவேண்டும். நோணாங்குப்பத்தில் வாக்காளராக இருந்து, தேர்தல் நடைபெறாத வேறோர் ஊரில் வேலை செய்பவர்க்கும் இவ்வுரிமை உண்டு என்று தேர்தல் ஆணையம் தெளிவாக்கியிருக்கின்றது.

இச்சட்டத்தில் விலக்கு ஒன்றும் உண்டு. எவர் வேலையில் இல்லாவிட்டால் அவ்வேலைக்கு ஆபத்தோ பெருநட்டமோ நேருமோ அவர்க்கு இவ்விடுமுறை கட்டாயம் அன்று. அணைக்காமல் எரியும் உலையையும், நிறுத்தக்கூடாத இயந்திரத்தையும் எண்ணிப் பார்த்தால் இதன் நியாயம் விளங்கும். ஆனால் விதியை மீறும் முதலாளிக்கு விதிக்கத்தக்க அபராதம் ஐந்நூறு ரூபாய்க்கு மேற்படாது என்பதைப் படிக்கும்போது, சட்டம் செய்தவர் கை சற்றுத் தளர்ந்துவிட்டது என்றே தோன்றுகின்றது. ஆதலின் தண்டனைக்கு அஞ்சி இவ்விதி நிற்கவில்லை. தொழிலாளர் தம் உரிமையை அறிந்து கேட்பதாலேயே நிற்கின்றது. நம் தந்தையும் இரண்டு நாள் முன்னதாகவே ஒப்பந்தக்காரரிடம் சென்று, "ஐயா, வெள்ளிக்கிழமை ஓட்டு. அன்றைய கூலியைச் சனிக்கிழமைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட வேண்டும். தேர்தல் முடிந்தபின் கேட்டால் அது வழக்காகிவிடும். முன்னரே சொன்னால் அது பேச்சோடு முடியும்.

வேலை செய்வோரின் நேரம் யாருக்குச் சொந்தம் என்னும் கேள்வி புதுச்சேரிக்குப் புதியது அன்று. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இங்குள்ள பஞ்சாலைகளில் தொழிலாளர் நெடுநேரம் உழைத்தனர். வேலை நேரத்தைக் குறைக்கவும் சங்கம் அமைக்கும் உரிமை பெறவும் வ. சுப்பையா முதலியோர் வழிகாட்டப் போராடினர். 1936ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள், சவானா ஆலைத் தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பன்னிருவர் உயிர் நீத்தனர். அதனை அடுத்து 1937இல் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலைநாள் சட்டமாயிற்று. இன்று ஒரு தொழிலாளி மாலையில் ஆறு மணிக்குமுன் வாக்குச்சாவடிக்கு வந்து நிற்க முடிகின்றது என்றால், அந்த மாலைப்பொழுது அவனுக்குச் சும்மா கிடைத்தது அன்று.

ஒருவர் தம் கீழ் வேலை செய்பவர்க்கு அரைமணி நேரம் தர மறந்தால் என்ன நேரும் என்பதற்கு அண்டை மாநிலத்தில் ஒரு நிகழ்ச்சி உண்டு. 2004ஆம் ஆண்டு கர்நாடகச் சட்டமன்றத் தேர்தலில் சந்தேமரஹள்ளித் தொகுதியில் ஏ. ஆர். கிருஷ்ணமூர்த்தி என்பார் 40,751 வாக்குகள் பெற்றார். அவரை எதிர்த்து நின்ற ஆர். துருவநாராயணா 40,752 வாக்குகள் பெற்றார். வேறுபாடு ஒரே ஒரு வாக்கு. தோற்றவருடைய காரோட்டிக்கு அன்று வாக்களிக்க நேரம் கிடைக்கவில்லை என்று பின்னர்ச் செய்தித்தாள்கள் எழுதின. அந்தக் காரோட்டி யாருக்கு வாக்களித்திருப்பார் என்பது அவருக்கு மட்டுமே தெரிந்திருக்கும். எனினும், தேர்தல் வேலையிலேயே நாள் முழுதும் ஓடிய ஒருவர்க்கே தேர்தலில் பங்கு கிட்டாமற்போயிற்று என்பது எண்ணத்தக்கது. 2008இல் இராஜஸ்தானத்தின் நாத்துவாரா தொகுதியிலும் ஒரே வாக்கில் வெற்றி தோல்வி முடிவாயிற்று.

இனித் தாயின் நிலைக்கு வருவோம். அவருக்கு முதலாளி இல்லை. ஆதலின் விடுமுறை தருவாரும் இல்லை. சட்டம் கூலி பெறுவோரைக் காக்கின்றது. கூடை சுமந்து விற்போரையும், ஆட்டோ ஓட்டுவோரையும், பூக்கட்டி விற்போரையும் அது காக்க வழியில்லை. அவர் ஒரு காலைப்பொழுது விற்கவில்லை என்றால், கொண்டுவந்த கீரை வாடிவிடும். வாடிய கீரைக்கு எந்தச் சட்டமும் விலை தராது. பிறர் வீட்டில் பாத்திரம் துலக்குவோர் நிலையும் ஏறத்தாழ இதுவே. சட்டம் நிறுவனங்களைப் பற்றிப் பேசுகின்றது. வீட்டை யார் நிறுவனம் என்பர்? "இன்று ஒரு மணி நேரம் கழித்து வா" என்று வீட்டுக்காரர் சொல்லும் நல்ல மனமே அவர்களுக்குத் துணை. படகுத்துறையிலும் உணவுக்கடையிலும் வேலை செய்வோர்க்கு வேறொரு தொல்லை. பிறர்க்கு விடுமுறை என்றால் இவர்களுக்கு வேலை மிகும்.

இத்தகையோர்க்கு வழிகாட்டுவது ஒரு சிறு கணக்கு. 2024இல் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட வாக்காளர்களுக்கு 967 வாக்குச்சாவடிகள் அமைக்கப்பட்டன. சாவடிக்குச் சராசரியாக ஆயிரத்திற்குச் சற்று மிகுதியானோர். அவர்களுள் 800 பேர் வருவர் என்று கொள்வோம். பதினொரு மணி நேரம் என்பது 39,600 விநாடி. ஆளுக்கு ஏறத்தாழ 50 விநாடி கிடைக்கும். எல்லாரும் சீராக வந்தால் சாவடியில் வரிசையே இராது. ஆனால் மக்கள் சீராக வருவது இல்லை. வெயில் ஏறுமுன் போய்விடலாம் என்று எல்லாரும் காலையில் வருவர். வெயில் தாழ்ந்தபின் போகலாம் என்று எஞ்சியோர் எல்லாரும் மாலையில் வருவர். மணிக்கு 80 பேர் வாக்களிக்க முடியும் என்றும், காலை 7 மணிக்கும் 9 மணிக்கும் இடையில் 280 பேர் வந்துவிட்டனர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 9 மணிக்கு 160 பேர் வாக்களித்திருப்பர். 120 பேர் வெளியில் நிற்பர். அப்போது வந்து சேர்பவர் ஒன்றரை மணி நேரம் நிற்கவேண்டும். அவரே பிற்பகல் ஒன்றரை மணிக்கு வந்திருந்தால் வரிசை கரைந்திருக்கும். ஆதலின் நேரம் குறைந்தவர்கள் ஒன்று சாவடி திறக்குமுன் சென்று நிற்கவேண்டும். இன்றேல் ஊரார் உண்டு ஓய்ந்திருக்கும் உச்சிப்பொழுதில் செல்லவேண்டும். ஒன்பது மணி என்பது சோம்பலுக்கும் சுறுசுறுப்புக்கும் நடுவில் உள்ள நேரம். வரிசை நீளும் நேரமும் அதுவே. காய்கறி விற்கும் தாய்க்குப் பிற்பகல் ஒன்றரை மணி ஏற்றது. அதற்குள் கூடை காலியாகிவிடும்.

ஆனால் அவ்வீட்டில் வாக்கை இழந்துவிடும் அச்சம் மிகுதியாக உள்ளவர் தந்தையும் அல்லர்; தாயும் அல்லர்; மருமகளே. அவளுக்கு வெளியில் வேலை இல்லை. சாவடியோ அருகிலேயே இருக்கின்றது. வாக்காளர் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்கும்படி சாவடி அமைக்கலாகாது என்பதே பொதுவிதி. எனினும் அவள் போகாமல் இருந்துவிடக் கூடும். எப்படி? காலையில் எல்லார்க்கும் உணவு சமைக்கவேண்டும். பின்னர்க் குழந்தைக்குப் பால் கொடுக்கவேண்டும். குழந்தை உறங்கியபின் போகலாம் என்று எண்ணுவாள். குழந்தை உறங்காது. பாட்டிக்கு மருந்து கொடுக்கும் நேரம் வந்துவிடும். "அவர்கள் எல்லாம் போய்வரட்டும், நான் பிறகு போகிறேன்" என்பாள். அந்தப் "பிறகு" மாலை ஐந்து மணிக்கு நகர்ந்து, விளக்கு வைக்கும் நேரத்திற்கு நகர்ந்து, மறைந்துவிடும். வீட்டில் எவருடைய நேரத்தைப் பிறர் எளிதில் எடுத்துக்கொள்கின்றார்களோ, அவரே முதலில் செல்லவேண்டும். தேர்தல் நாளைப் பற்றிச் சொல்லவேண்டியவற்றுள் தலைமையானது இதுவே என்று கருதுகின்றேன்.

தேர்தலுக்கு முதல்நாள் இரவு அவ்வீட்டார் உண்ண அமர்ந்திருக்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம்.

"நாளைக்கு முதலில் போய்வர வேண்டியவள் நீதான் அம்மா" என்கின்றார் மாமனார்.

"காலையில் அடுப்பு வேலை இருக்கிறதே, மாமா!"

"ஒரு வேளைக் கஞ்சி காய்ச்ச எனக்குத் தெரியாதா? எத்தனை கட்டடத்தில் நானே சமைத்துச் சாப்பிட்டிருக்கிறேன்!"

"பாட்டிக்கு மருந்தை நான் கொடுக்கிறேன், அண்ணி" என்கின்றான் பையன். "குழந்தையையும் பார்த்துக்கொள்கிறேன். அழுதால் மட்டும் என்ன செய்வது என்று தெரியாது."

"அழுதால் அப்பாவிடம் கொடு" என்று தாய் சொல்ல, எல்லாரும் நகைக்கின்றனர்.

குழந்தையை விட்டுச் செல்ல மனம் வராவிட்டாலும் தடையில்லை. கைக்குழந்தையுடன் வரும் வாக்காளரைச் சாவடிக்குள் விடலாம் என்று விதியே கூறுகின்றது. கைக்குழந்தையுடன் வருவோர்க்கும், தளர்ந்தோர்க்கும், முதியோர்க்கும் வரிசையில் முன்னிடம் தருவது வழக்கம். ஆயினும், இவ்வழக்கத்தை அறியாமல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையின் கடைசியில் வாய் திறவாமல் நிற்கும் பெண்கள் உண்டு. அருகில் நிற்பவர் "முன்னே போங்கள், அம்மா" என்று சொன்னால் போதும்.

மருமகளுக்கு மற்றொரு தடையும் இருக்கக்கூடும். அதனை முதல்நாள் இரவில் நீக்க இயலாது. திருமணத்திற்கு முன் அவள் பெயர் பிறந்த ஊர்ப் பட்டியலில் இருந்திருக்கும். புகுந்த ஊருக்கு அதனை மாற்றிக்கொள்ளாவிட்டால், நோணாங்குப்பத்துச் சாவடியில் அவள் பெயர் இராது. அடையாள அட்டை கையில் இருப்பதனாலேயே ஒருவர் வாக்களித்துவிட முடியாது. அச்சாவடிப் பட்டியலில் பெயர் இருக்கவேண்டும். குடிமாறியோர் பெயரை மாற்றிக்கொள்ள 8ஆம் எண் படிவம் உள்ளது. திருமணம் முடிந்து புகுந்த வீட்டில் வாழத் தொடங்கியதும் செய்யவேண்டிய வேலைகளுள் இதனையும் ஒன்றாகக் கொள்வது நல்லது.

சாவடிக்குள் நடப்பதைச் சுருங்கச் சொல்வோம். முதல் அலுவலர் பட்டியலில் பெயரைத் தேடி அடையாளத்தைச் சரிபார்ப்பார். அடுத்தவர் பதிவேட்டில் கையொப்பம் வாங்கி, இடக்கைச் சுட்டுவிரலில் அழியா மையிட்டுச் சீட்டுத் தருவார். அந்த மை மைசூரில் உள்ள அரசுத் தொழிற்சாலையில் செய்யப்படுவது. 1962ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிலிருந்து பயன்பட்டு வருகின்றது. சீட்டைப் பெற்றுக்கொள்ளும் மூன்றாமவர் இயந்திரத்தை இயங்கச் செய்வார். மறைவிடத்தில் சென்று பொத்தானை அழுத்தியபின், வாக்களித்த சின்னம் அச்சிட்ட தாள் ஒரு கண்ணாடிக்குப் பின்னே ஏழு விநாடி தெரிந்து பெட்டிக்குள் விழும். கைப்பேசியை உள்ளே பயன்படுத்தல் ஆகாது. வீட்டிலேயே வைத்துவிட்டுச் சென்றால் வாயிலில் திரும்பிப் போக நேராது.

இங்கு ஒன்று சொல்லவேண்டும். ஒரு வீட்டார் நேரத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம். வாக்கைப் பங்கிட்டுக்கொள்ளக் கூடாது. "குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன், நான் சொல்லும் சின்னத்துக்குப் போட்டுவிட்டு வா" என்று மாமனார் சொன்னாரானால், அவர் செய்தது உதவி ஆகாது. அவ்வாறே, கட்சிக்காரர் கொண்டுவந்து வாயிலில் நிறுத்தும் வண்டியிலும் ஏறுதல் கூடாது. வாக்காளரை இலவசமாக ஏற்றிச்செல்ல வேட்பாளர் தரப்பார் வண்டி அமர்த்துதல் தேர்தல் சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகும். நேரம் இல்லாதவர்க்கே அவ்வண்டி இனிமையாகத் தோன்றும். நேரத்தை ஒழுங்கு செய்துகொண்டவர்க்கு அது வேண்டியதில்லை.

எஞ்சிய மூவருடைய வாக்கு, தேர்தல் நாளுக்குப் பல நாள் முன்னரே முடிவாவது. 85 வயது கடந்தவர்க்கும், நூற்றுக்கு நாற்பது பங்குக்குக் குறையாத உடற்குறை உள்ளவர்க்கும் வீட்டிலிருந்தே வாக்களிக்கும் வசதி இருந்தது 2024ஆம் ஆண்டுத் தேர்தலில். அதற்கு 12டி என்னும் படிவத்தை, தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் நிரப்பித் தரவேண்டும். பின்னர் அலுவலர் குழு வீட்டுக்கே வந்து, மறைவாக வாக்களிக்கச் செய்து, உறையிலிட்டு முத்திரையிட்டு எடுத்துச்செல்லும். இவ்வாறு விண்ணப்பித்தவர் பிறகு சாவடிக்குச் சென்று வாக்களிக்க இயலாது. எண்பத்தாறு வயதுப் பாட்டிக்குப் படிவத்தை நிரப்பித் தருவது, வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பையன் செய்யத்தக்க வேலை.

ஆசிரியையான மகளுக்கோ அந்நாள் முழுதும் தேர்தல் பணி. முதல்நாளே இயந்திரங்களைப் பெற்றுக்கொண்டு, தமக்கு ஒதுக்கிய பள்ளிக்குச் சென்று அங்கேயே தங்கவேண்டும். வாக்குப்பதிவு 7 மணிக்கு என்றால், ஒன்றரை மணி நேரம் முன்னதாக, கட்சிகளின் முகவர்கள் பார்த்திருக்க ஒத்திகை வாக்குப்பதிவு நடத்திக் காட்டவேண்டும். பிறர் எல்லாரும் வாக்களிக்கத் துணைநிற்கும் அவர் தம் வாக்கை எங்கே போடுவார்? அவர்க்கு அஞ்சல் வாக்கு உண்டு. பணி செய்யும் சாவடி தம் தொகுதிக்குள்ளேயே இருந்தால், பணிச்சான்று பெற்று அச்சாவடியிலேயே வாக்களிக்கவும் செய்யலாம். மக்களவைத் தேர்தலில் காரைக்காலும் மாஹேயும் ஏனாமும் புதுச்சேரியோடு சேர்ந்து ஒரே தொகுதி ஆதலால், பணி எங்கே அமைந்தாலும் இது கைகூடும். விண்ணப்பம் மட்டும் உரிய நாளில் சென்றிருக்க வேண்டும்.

சென்னையில் உள்ள மகனுக்கு இத்தகைய வசதி ஒன்றும் இல்லை. அவன் பெயர் நோணாங்குப்பத்தில் இருந்தால் நோணாங்குப்பத்திற்கே வரவேண்டும். முதல்நாள் இரவு சென்னைப் பேருந்து நிலையத்தில் கூட்டம் எப்படி இருக்கும் என்பது நீங்கள் அறிந்ததே. அவன் ஆண்டுக்கணக்கில் சென்னையில் குடியிருப்பவனானால், பெயரை அங்கே மாற்றிக்கொள்வதே முறை. பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் மட்டும் வந்துபோகும் ஊரின் உறுப்பினரைவிட, நாள்தோறும் குடிநீர் பிடிக்கும் ஊரின் உறுப்பினர் அவனுக்கு நெருங்கியவர் அல்லரோ? எனினும் இது அவனே முடிவு செய்யவேண்டியது. ஒருவர் பெயர் இரண்டு இடங்களில் இருத்தல் கூடாது என்பது மட்டும் உறுதி.

தேர்தலை எந்தக் கிழமையில் வைத்தால் வேலை செய்வோர்க்கு எளிது என்று பிற நாட்டாரும் ஆராய்ந்திருக்கின்றனர். அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1845ஆம் ஆண்டுச் சட்டப்படி நவம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் தேர்தல் நடைபெறுகின்றது. ஞாயிறு வழிபாட்டு நாள். புதன் சந்தை நாள். குதிரைவண்டியில் ஊருக்கு வர ஒருநாள் வேண்டும். ஆதலின் உழவர்க்குச் செவ்வாயே ஏற்றது என்று அக்காலத்தில் கருதினர் என்பர். குதிரைவண்டி போய்விட்டது, செவ்வாய் இன்னும் நிற்கின்றது. ஆஸ்திரேலியாவில் சனிக்கிழமை, அங்கே 1924 முதல் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிப்பது கட்டாயம். பிரான்சு நாட்டில் ஞாயிற்றுக்கிழமை. இதனைப் புதுச்சேரியிலேயே காணலாம். பிரெஞ்சுக் குடியுரிமை உடைய தமிழர் பலர் இங்கு வாழ்கின்றனர். 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 10, 24 ஆகிய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பிரான்சின் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க அவர்கள் இங்கிருந்தே வாக்களித்தனர். வர இயலாதவர் தமக்காக வாக்களிக்க வேறொருவரை முறைப்படி அமர்த்திக்கொள்ளவும் அந்நாட்டுச் சட்டம் இடந்தருகின்றது. நம் நாட்டில் இவ்வசதி படைத்துறையினர் முதலிய மிகச் சிலர்க்கே உண்டு. வீட்டுக்கு ஒருவர் சென்று எல்லார் வாக்கையும் போட்டுவரும் நிலை வந்தால், மருமகளின் வாக்கு யார் கைக்குப் போகும் என்று எண்ணிப் பாருங்கள். நேரில் வா என்னும் கண்டிப்பில் ஒரு நன்மையும் இருக்கின்றது.

எல்லாரும் ஒரே நாளில் வந்து கூடவேண்டும் என்னும் கவலை நம் முன்னோர்க்கும் இருந்தது. பத்தாம் நூற்றாண்டில் முதற் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலை முறையை விரித்துரைக்கின்றது. ஓலை எடுக்கும் நாளில் சிறியோரும் பெரியோரும் உட்பட மகாசபையைக் கூட்டவேண்டும் என்றும், அன்று ஊரில் இருக்கும் கோயில் நம்பிமார் ஒருவரையும் விடாமல் மண்டபத்தில் இருக்கச் செய்யவேண்டும் என்றும் அது விதிக்கின்றது. பூசை வேலை உண்டு என்று சொல்லி ஒதுங்கிவிட இடமில்லை. ஆனால் அச்சபையில் நிலமில்லாதார்க்கும் பெண்களுக்கும் இடமில்லை என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. நம் கொத்தனாரும் காய்கறிக்காரரும் அங்கே நின்றிருக்க முடியாது.

நோணாங்குப்பத்தாரின் கைக்கும் இவ்வுரிமை மெல்ல மெல்லவே வந்தது. பிரெஞ்சிந்தியா இந்தியாவுடன் இணைவதா என்பதை முடிவு செய்ய, 1954ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. அதில் வாக்களித்தவர்கள் 178 பிரதிநிதிகள். 170 பேர் இணைப்பை வேண்டினர், எண்மர் மறுத்தனர். ஊர் மக்கள் தாமே சென்று வாக்களித்த நாள் அன்று அது. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் ஆட்சி மாறியது. 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது. 1964இல் புதிய சட்டமன்றத்திற்கு முதல் தேர்தல் நடந்தது. 'மேரி' என்று இப்பகுதி மக்கள் பிரெஞ்சுச் சொல்லால் வழங்கிய நகராட்சிக்கு 1968இல் தேர்தல் நடந்தபின், அடுத்த உள்ளாட்சித் தேர்தலைக் காண 2006 வரை, அஃதாவது முப்பத்தெட்டு ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. 1968இல் கைக்குழந்தையுடன் வரிசையில் நின்ற ஒரு தாய், 2006இல் பேரக்குழந்தையுடன் நின்றிருப்பாள். வாக்களிக்க ஒருநாள் வருகின்றது என்பதே ஒரு பேறு என்று இவ்வூர்ப் பெரியோர் சொன்னால் அதில் வியப்பில்லை. 2024இல் இந்திய நாடு முழுவதும் நூற்றுக்கு ஏறத்தாழ 66 பேர் வாக்களிக்க, புதுச்சேரியில் நூற்றுக்கு 78 பேருக்கு மேல் வாக்களித்தனர்.

மீண்டும் அக்குடும்பத்திற்கு வருவோம். முதல்நாள் இரவு வகுத்தபடியே எல்லாம் நடந்துவிடும் என்று சொல்ல முடியாது. மருமகள் காலை ஏழே காலுக்குள் வாக்களித்துவிட்டு வந்தாள். தந்தை, கஞ்சியைச் சற்றே அடிப்பிடிக்க விட்டுவிட்டு, எட்டு மணிக்குப் போய் ஒரு மணி நேரம் நின்றார். தாய்க்கோ கணக்குத் தவறியது. நகரத்திலிருந்து காய்கறி வண்டி தாமதமாக வந்தது; விற்பனை பிற்பகல் முழுதும் நீண்டது. அவர் கூடையை ஒரு கடை வாயிலில் வைத்துவிட்டு, மாலை ஐந்து மணி ஐம்பது நிமிடத்திற்குச் சாவடிக்கு ஓடிவந்தார். முன்னே இருபதுக்கு மேற்பட்டவர் நின்றனர். ஆறு மணி அடித்துவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று அவர் அஞ்சினார்.

அவ்வாறு அனுப்பமாட்டார்கள். ஆறு மணிக்குள் வரிசையில் வந்து நின்றுவிட்ட எவரும், எவ்வளவு நேரமானாலும் வாக்களித்தே செல்லலாம். ஆறு மணி ஆனதும் தலைமை அலுவலர் வெளியே வந்து, தாம் கையொப்பமிட்ட சீட்டுகளை வரிசையில் நிற்போர்க்குத் தருவார். முதலில் நிற்பவரிடமிருந்து தொடங்கமாட்டார். கடைசியில் நிற்பவருக்கே முதற்சீட்டுத் தந்து, அங்கிருந்து முன்னோக்கி வருவார். முன்னிருந்து தொடங்கினால், அவர் கடைசிக்கு வருவதற்குள் புதியவர் சிலர் வந்து ஒட்டிக்கொள்ளலாம் அன்றோ? ஆதலின் ஒன்றாம் எண் சீட்டு அன்று கடைசியில் நின்ற தாயின் கைக்கு வந்தது. அவர் அதனை ஈரக் கையில் நனையாமல் முந்தானையில் முடிந்துகொண்டு நின்றார். ஆறு மணி இருபத்தைந்து நிமிடத்திற்கு அவர் விரலில் மை இடப்பட்டது. கூடையில் எஞ்சியிருந்த கீரையை அன்றிரவு வீட்டில் கடைந்தார்கள். தொலைவில் வேறொரு பள்ளியில் மகள், இயந்திரத்திற்கு அரக்கு முத்திரையிட்டு, எண்களைப் படிவத்தில் குறித்துக்கொண்டிருந்தாள். அவற்றை ஒப்படைத்துவிட்டு அவள் வீடு திரும்பியபோது நள்ளிரவு கடந்துவிட்டது. அவளுக்காகக் கொஞ்சம் சோறும் கீரையும் மூடி வைத்திருந்தார்கள்.